கூல்டிரிங்க்ஸ் டின்னில் ஒரு பாய்லர்

கைலாசபுரம் பாய்லர் செய்கிறவர்களின் ஊர். திருச்சியை அடுத்த திருவெறும்பூரில் 1965இல் உற்பத்தியைத் தொடங்கிய ‘பெல்’ உயர் அழுத்தக் கொதிகலன் ஆலையின் குடியிருப்பு. இங்கே உருவான கொதிகலன்கள் நாட்டின் பல அனல்மின் நிலையங்களில் பல மாடி உயரத்துக்கு நிற்கின்றன. அவற்றின் குழாய்களுக்குள் நீர் ஆவியாகி, அந்த ஆவி டர்பைனைச் சுழற்றி, நம் வீட்டு விளக்கு எரிகிறது. அதே வேலையின் முதல் பாதியைச் செய்யும் ஒரு பாய்லரை, உள்ளங்கையில் அடங்கும் அளவில், குவார்ட்டர்ஸ் வராந்தாவிலேயே செய்துவிடலாம். காலியான கூல்டிரிங்க்ஸ் டின் ஒன்று, ஜூஸ் குடித்து முடித்த அட்டைப்பெட்டி ஒன்று, இரண்டு உறிஞ்சுகுழல், ஒரு துண்டு மெழுகுவர்த்தி. கடைக்குப் போய் வாங்கவேண்டியது ஆரல்டைட் பசை மட்டும்தான்.

திருவிழாக் கடைகளில் அகலமான தண்ணீர்த் தட்டில் ‘டபடப’ என்று சத்தமிட்டபடி சுற்றிவரும் தகரப் படகைப் பார்த்திருப்பீர்கள். தாமஸ் பியோ என்பவர் 1891இல் இங்கிலாந்தில் இதற்குக் காப்புரிமை பெற்றார். அந்தப் படகைத்தான் செய்யப்போகிறோம். அப்பாவோ அம்மாவோ டின்னின் மேல்பக்கத்தையும் அடிப்பக்கத்தையும் வெட்டி எடுத்துவிட்டு, நடுவிலுள்ள அலுமினியத் தகட்டை விரிக்க வேண்டும். விளிம்பு பிளேடு மாதிரி வெட்டும், ஆகவே இது குழந்தைகள் கைக்குப் போகக்கூடாத வேலை. நீளமான ஒரு துண்டைக் கத்தரித்து இரண்டாக மடித்து, பக்கவாட்டு ஓரங்களை உள்ளே மடக்கினால் ஒரு தட்டையான பை கிடைக்கும். அதன் வாயில் இரண்டு குழல்களையும் பக்கத்தில் பக்கத்தில் செருகி, இடைவெளி இல்லாமல் பசை பூசி ஒரு நாள் காயவிட வேண்டும். ஜூஸ் பெட்டியை நீளவாக்கில் வெட்டினால் படகு தயார். குழல்கள் படகின் அடிப்பக்கம் வழியாகப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

ஒரு குழலில் தண்ணீர் ஊற்றுங்கள். மற்றக் குழல் வழியாக வழிந்தால் உள்ளே நிறைந்துவிட்டது. படகைத் தொட்டியில் விட்டு, தகட்டுக்கு அடியில் மெழுகுவர்த்தியை ஏற்றினால் சற்று நேரத்தில் அது கிளம்பும். உள்ளே நீர் ஆவியாகிக் குழலிலுள்ள தண்ணீரைப் பின்னுக்குத் தள்ளுகிறது. ஆவி குளிர்ந்து சுருங்கும்போது தண்ணீர் மறுபடி உள்ளே ஏறுகிறது. தள்ளுவதும் இழுப்பதும் மாறிமாறி நடந்தால் படகு நின்ற இடத்திலேயே ஆடவேண்டுமே, எப்படி முன்னே போகிறது? எந்தக் குழந்தையும் கேட்டுவிடும் கேள்வி இது. வெளியே வரும் நீர் ஒரே திசையில் பீறிட்டு வருகிறது. உள்ளே போகும் நீரோ குழல் வாயைச் சுற்றி எல்லாப் பக்கத்திலிருந்தும் வருகிறது. அதனால் இழுப்பு சிதறிவிடுகிறது, தள்ளுதல் மட்டும் கணக்கில் நிற்கிறது. தகடு உப்பி அடங்குவதுதான் அந்த ‘டபடப’.

குழல் இரண்டும் எப்போதும் திறந்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லிக்கொடுக்கும் இடத்தில், ஆலையில் வேலை பார்க்கும் அப்பாவுக்குப் பேச நிறைய இருக்கும். பெரிய பாய்லரில் அழுத்தம் எல்லை மீறினால் திறந்துகொள்ளப் பாதுகாப்பு வால்வு உண்டு. இங்கே திறந்த குழல்தான் அந்த வால்வு. தண்ணீர் இல்லாமல் சூடேறினால் பசை இளகிவிடும் என்பதும், தண்ணீர் வற்றிய பாய்லர் குழாய்க்கு நேரும் கதியும் ஒரே பாடம். அப்பா தினமும் காலையில் எங்கே போகிறார், என்ன செய்கிறார் என்பது பல பிள்ளைகளுக்கு யூனிபார்மும் ஷிஃப்டும் மட்டும்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் அது விளங்கிவிடுகிறது.

போட்டிக்காகச் செய்கிற குப்பை

இன்றைக்கு ‘பெஸ்ட் அவுட் ஆஃப் வேஸ்ட்’ போட்டி இல்லாத பள்ளிக்கூடம் அரிது. முந்தின இரவு எட்டு மணிக்கு ஸ்டேஷனரி கடையில் தெர்மாகோல் ஷீட், மினுமினுப்புத் தாள், ஐஸ்கிரீம் குச்சிக் கட்டு, பசைத் துப்பாக்கி எல்லாம் வாங்குகிறார்கள். பதினொரு மணிவரை அம்மா ஒட்டுகிறார், பிள்ளை தூங்கிவிடுகிறது. போட்டி முடிந்து போட்டோ எடுத்தபின் அது நேராகக் குப்பைத்தொட்டிக்குப் போகிறது. பழைய பொருள் ஒன்று போன இடத்தில் புதுக் குப்பை நாலு சேர்ந்தாயிற்று. அதிலும் மினுக்கும் பசையும் பூசிய அட்டையைப் பழைய பேப்பர் கடைக்காரர் எடுக்கவே மாட்டார். பூசாமல் இருந்தால் எடைக்குப் போட்டிருக்கலாம். இந்தப் போட்டிகளை நடத்துகிறவர்கள் ஒரே ஒரு விதி வைத்தால் போதும்: எதையும் புதிதாக வாங்கக் கூடாது, செய்தது மூன்று மாதமாவது வீட்டில் பயன்பட வேண்டும். பாதிப் பொருட்கள் மேசைக்கே வராது. வருகிற மீதியை நின்று பார்க்கலாம்.

கைலாசபுரத்திலிருந்து நகரத்துக்கு வருகிறவர்கள் கடந்துவரும் அரியமங்கலத்தில்தான் திருச்சியின் குப்பைக் கிடங்கு இருக்கிறது. சுமார் 47 ஏக்கர். பல்லாண்டுகளாகக் கொட்டிக் குவித்த குப்பையைத் தோண்டிப் பிரித்தெடுக்கும் வேலை அங்கே நடந்துவருகிறது. 2016இல் நாடு முழுவதும் 73 நகரங்களில் நடந்த தூய்மைக் கணக்கெடுப்பில் மூன்றாம் இடம் பிடித்த ஊர் நம்முடையது. மக்கும் குப்பையை வார்டுக்கு வார்டு உரமாக்கும் நுண் உரக்கூடங்களும் இங்கே இருக்கின்றன. இவ்வளவு பழகிய ஊரில் பிள்ளைகளின் கைவேலை மட்டும் எதிர்த் திசையில் போகவேண்டாம்.

புடவையின் ஆயுள்

நம் வீடுகளில் ஒரு பொருளை எளிதில் குப்பை என்று சொல்லிவிட மாட்டார்கள். உறையூர்ப் பருத்திப் புடவை ஒன்றின் வாழ்க்கையைப் பாருங்கள். கட்டிக் கட்டி நைந்தபின் அது தூளியாகும். வெயிலுக்கும் வியர்வைக்கும் நைந்த பருத்தியைப் போலக் குழந்தையின் தோலுக்கு இதமான துணி கிடையாது. தூளிக்குத் தாங்காதபோது குழந்தைக்குக் கீழ்விரிப்பாகும். பிறகு கரித்துணி. கரை மட்டும் உறுதியாக இருந்தால் கிழித்து எடுத்து, மூன்று இழையாகச் சடை பின்னி, வட்டமாகச் சுற்றித் தைத்து மிதியடி ஆக்குவார்கள். வேட்டியாக இருந்தால் கடைசிக் கிழிசல் விளக்குத் திரியாக எரிந்து முடியும். இதில் ஒன்றுக்கும் வீட்டில் தனியாகப் பெயர் வைக்கவில்லை, கற்றுக்கொடுக்க வகுப்பு நடத்தவில்லை.

சடை மிதியடி எட்டு வயதுப் பிள்ளைக்கே வரும். தலை பின்னத் தெரிந்தால் துணி பின்னத் தெரியும், ஆண் பிள்ளைக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். துணியை மூன்று விரல் அகலத்தில் கிழித்துக்கொள்ள வேண்டும். கத்தரிக்கோல் வேண்டாம், ஓரத்தில் சின்னதாக வெட்டி இழுத்தால் நூலோடு நேராகக் கிழியும். மூன்று பட்டைகளின் நீளமும் வேறுவேறாக இருப்பது நல்லது. இல்லாவிட்டால் ஒட்டுப் போடும் இடம் மூன்றும் ஒன்றாக வந்து முடிச்சு தடிக்கும். சின்தெடிக் புடவையில் செய்தால் தண்ணீரை உறிஞ்சாது, மொசைக் தரையில் வழுக்கும். குளியலறை வாசலுக்கு அது ஆபத்து.

வெந்தயமும் செய்தித்தாளும்

முதல் பாடமாக ஒன்றைச் சொல்லச் சொன்னால், நான் காகிதக் கூழ்க் கூடையைச் சொல்வேன். முந்தைய தலைமுறையில் கிட்டத்தட்ட எல்லா வீட்டிலும் இருந்தது. மூங்கில் முறத்தின் இடுக்குகள் விட்டுப்போனால் மெழுகுவதும் இதே கூழால்தான்.

பழைய செய்தித்தாளைச் சிறுசிறு துண்டாகக் கிழித்து இரண்டு நாள் ஊறப்போட வேண்டும். கிழிப்பது குழந்தைகளின் வேலை, ஆசை தீரக் கிழிக்கலாம். தண்ணீரை மாற்றினால் மையில் பாதி போய்விடும். இன்னொரு பாத்திரத்தில் ஒரு கைப்பிடி வெந்தயத்தை முதல்நாள் இரவே ஊறவைத்துவிடுங்கள். இரண்டையும் சேர்த்து உரலிலோ பழைய கிரைண்டரிலோ வெண்ணெய்ப் பதத்துக்கு ஆட்ட வேண்டும். மிக்ஸியில் போட்டால் மோட்டார் திணறும். இனி தோசை மாவுக்கு ஆகாத கிரைண்டராக இருந்தால் உத்தமம்.

வெந்தயம் எதற்கு என்றால், அதில் இருக்கும் ஒரு வகைப் பசைச்சத்து தண்ணீரை உறிஞ்சிப் பிசுபிசுப்பாகும். கூழிலுள்ள காகித நார்களை அது பிணைத்துக்கொண்டு, காயும்போது இறுகிவிடுகிறது. அதன் கசப்புக்குப் பூச்சி அண்டுவதில்லை என்பது பாட்டிமார் அனுபவம். புத்தகம் பைண்ட் செய்கிறவர்கள் மைதாப் பசையில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது விஷம். பிள்ளைகள் கைவைக்கும் வேலையில் அதைச் சேர்க்க வேண்டாம், வெந்தயமே போதும்.

ஒரு குடத்தையோ பிளாஸ்டிக் பேசினையோ கவிழ்த்து, அதன்மேல் ஈரத்துணி போர்த்தி, கூழை அரை விரல் கனத்துக்கு அப்புங்கள். ஒரே சீராக வரவேண்டும். ஓரத்தில் மெல்லியதாகவும் அடியில் தடிப்பாகவும் விட்டால் காயும்போது வெடிக்கும். இந்த வேலைக்குச் சித்திரை மாதத் திருச்சி வெயிலைப் போலக் கூட்டாளி கிடையாது. ஊரே அலுத்துக்கொள்ளும் அந்த வெயில் நாலைந்து நாளில் கூடையைக் கல்லாக்கிவிடும். ஐப்பசி அடைமழையில் தொடங்கினால் பூஞ்சை பிடிக்கும். காய்ந்தபின் கழற்றி, உள்ளும் புறமும் வெள்ளைத்தாள் ஒட்டி, செம்மண்காவி பூசிக் கோலம் போடலாம். நூல்கண்டு, தையல் சாமான், சாவிக்கொத்து, விளையாட்டுச் சாமான் எதையும் போட்டுவைக்கலாம். தின்பண்டம் மட்டும் கூடாது. அச்சு மை படிந்த செய்தித்தாளில் உணவைப் பொதிய வேண்டாம் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இலேயே எச்சரித்திருக்கிறது. கூழாக்கினாலும் மை முழுக்கப் போய்விடுவதில்லை.

தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையிலும் இதே காகிதக் கூழ் வித்தை இருக்கிறது. உடம்பு லேசான கூழ், அடிப்பகுதி கனம். தள்ளிவிட்டால் நிமிர்ந்துகொள்வதற்கு அந்தக் கனம்தான் காரணம். வீட்டில் அதன் தம்பியைச் செய்ய ஒரு முட்டை ஓடு போதும். ஓட்டின் கூர்முனையில் துளையிட்டு உள்ளிருப்பதை ஆம்லெட்டுக்கு எடுத்துக்கொண்டு, கழுவிக் காயவைத்து, ஒரு ஸ்பூன் மணலும் உருக்கிய மெழுகும் ஊற்றி, அகன்ற பக்கத்தில் உறையவிடுங்கள். மேலே ஒரு காகிதத் தலைப்பாகை. சைவ வீடுகளில் இதற்குப் பதிலாகப் பிளாஸ்டிக் பந்தை இரண்டாக வெட்டி அடிப்பகுதியில் களிமண் வைக்கிறார்கள். அதுவும் நன்றாகவே ஆடும்.

இரண்டு ரூபாய்த் தீப்பெட்டி

குப்பையிலிருந்து பொம்மை என்றால் இந்தியாவில் முதலில் நினைவுக்கு வரவேண்டிய பெயர் அரவிந்த் குப்தா. கான்பூர் ஐ.ஐ.டி.யில் 1975இல் பொறியியல் முடித்தவர். லாரி செய்யும் கம்பெனி வேலையிலிருந்து விடுப்பெடுத்து, 1978இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் கிராமப் பள்ளிகளில் நடந்துவந்த அறிவியல் கற்பித்தல் திட்டத்துக்குப் போனார். அங்கே வாரச் சந்தையில் கிடைத்த சைக்கிள் வால்வ் டியூபையும் தீக்குச்சியையும் வைத்துத்தான் அவருடைய புகழ்பெற்ற பொம்மைகள் பிறந்தன. 2018இல் பத்மஸ்ரீ வந்தது. அவருடைய செய்முறைகள் உலகமெங்கும் போயிருக்கின்றன. தமிழில் இந்த வேலையை ஊர் ஊராக எடுத்துச் சென்றது தமிழ்நாடு அறிவியல் இயக்கம். 1987இலிருந்து அவர்கள் நடத்திவரும் ‘துளிர்’ இதழைப் படித்து வளர்ந்த ஒரு தலைமுறையே இருக்கிறது.

தீக்குச்சியின் மருந்தைச் சுரண்டிவிட்டு, இரண்டு குச்சிகளை அரை அங்குல வால்வ் டியூபில் இருபக்கமும் செருகினால் மடங்கும் மூட்டு கிடைக்கும். நாலு குச்சியில் சதுரம் செய்து ஒரு மூலையை அழுத்துங்கள், சாய்ந்துவிடும். மூன்று குச்சியில் முக்கோணம் செய்யுங்கள், அழுத்தினாலும் அசையாது. சதுரத்துக்குக் குறுக்கே மூலைக்கு மூலை எட்டும் நீளமான ஒரு குச்சி போட்டால் அதுவும் நிமிர்ந்து நின்றுகொள்ளும். தீப்பெட்டி விலை 14 ஆண்டு ஒரு ரூபாயாகவே இருந்து, 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாய் ஆனது. இரண்டு ரூபாயில் கட்டடப் பொறியியலின் அரிச்சுவடி.

ஸ்ரீரங்கத்துப் பிள்ளைகளுக்கு இதற்கு உதாரணம் தேட வேண்டியதில்லை. கொள்ளிடத்தின் குறுக்கே 1928இல் கட்டிய பழைய இரும்புப் பாலத்தை அவர்கள் பார்த்திருக்கிறார்கள், அல்லது வீட்டில் கேட்டிருக்கிறார்கள். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அதன் தூண்கள் சரிந்தன. அந்த மாதிரிப் பாலங்களின் பக்கச் சட்டங்களில் ஏன் முக்கோணம் முக்கோணமாகப் போட்டிருக்கிறார்கள் என்று கேட்டால், தீக்குச்சியைத் தொட்ட பிள்ளை பதில் சொல்லும். நல்ல பாலத்தையும் ஆறு அடியில் அரித்துவிடும் என்பது அடுத்த கேள்விக்கான பதில்.

அரவிந்த் குப்தா பரப்பிய இன்னொன்று மோட்டார். ஒரு பேட்டரி செல், இரண்டு ஊக்கு, உடைந்த ஸ்பீக்கரின் காந்தம், ரீவைண்டிங் கடையில் எடைக்குப் போகும் எனாமல் பூசிய செப்புக் கம்பி. கம்பியைப் பத்துச் சுற்று வளையமாக்கி, இரு முனைகளையும் ஊக்கின் துளைகளில் தொங்கவிட்டு, பழைய சைக்கிள் டியூபில் வெட்டிய ரப்பர் வளையத்தால் ஊக்குகளை செல்லோடு இறுக்க வேண்டும். ஒரு முனையின் எனாமலை முழுக்கச் சுரண்ட வேண்டும். மறுமுனையில் ஒரு பக்கம் மட்டும். இரண்டையும் முழுக்கச் சுரண்டியதால்தான் பலருடைய மோட்டார் துடித்துவிட்டு நின்றுபோகிறது. மின்சாரம் நிற்காமல் பாய்ந்தால் பாதிச் சுற்றில் முன்னே தள்ளிய விசை மறுபாதியில் பின்னே இழுக்கும். பாதியைச் சுரண்டாமல் விடும்போது அந்த மறுபாதியில் மின்சாரம் அற்றுப்போகிறது, வளையம் தன் வேகத்திலேயே கடந்துவிடுகிறது. கம்பி சூடாகும், சுற்றுவதைப் பார்த்து முடித்தவுடன் கழற்றிவிடுங்கள்.

தேர் ஓடும் ஊரில்

தமிழ்ப் பிள்ளைகள் வண்டி செய்ய எந்தக் காலத்திலும் கடைக்குப் போனதில்லை. வைகாசியில் நுங்கு தோண்டித் தின்றபின் மிஞ்சும் இரண்டு காயையும் ஒரு குச்சியின் இரு முனையில் செருகி, நடுவில் கவட்டைக் கம்பை வைத்துத் தள்ளினால் வண்டி. இன்று மாலை ஓடும், மறுவாரம் காய்ந்து மண்ணோடு போகும். இதைவிடச் சுத்தமான பொம்மையை இன்னும் எந்தக் கம்பெனியும் தயாரிக்கவில்லை.

ஆண்பால் பிள்ளைத்தமிழில் சிறுதேர் உருட்டுதல் ஒரு தனிப் பருவம். பட்டினப்பாலையில் மூன்று சக்கரச் சிறுதேர் வருகிறது, கோழியை விரட்ட எறிந்த பொற்குழை அதன் வழியை மறிக்கிறது. ஆடிப்பெருக்கன்று காவிரிக் கரை ஊர்களில் பிள்ளைகள் சப்பரம் கட்டி ஆற்றங்கரைக்கு இழுத்துப்போகும் வழக்கம் அந்தத் தேரின் தொடர்ச்சிதான். சித்திரை வீதியில் சித்திரைத் தேரும் உத்திர வீதியில் தைத் தேரும் ஓடுவதைப் பார்த்து வளரும் ஸ்ரீரங்கத்துக் குழந்தைக்கு மாதிரி எதுவும் காட்ட வேண்டாம். செருப்பு டப்பா, தென்னங்குச்சி, பழைய கல்யாணப் பத்திரிகையின் சரிகைத்தாள், சக்கரத்துக்குப் பாட்டில் மூடி. மூடியின் நடுத்துளை மட்டும் சரியான மையத்தில் விழவேண்டும். ஒரு நூல் தள்ளினாலும் தேர் நொண்டும்.

கொலுவுக்குக் கீழே

குடும்பம் முழுக்கச் சேர்ந்து வீட்டுப் பொருளில் செய்யும் ஆகப் பெரிய வேலை, நவராத்திரிக் கொலுவுக்குக் கீழே போடும் பார்க். படியே டிரங்குப் பெட்டி, பெஞ்சு, பழைய புத்தகக் கட்டு எல்லாவற்றையும் அடுக்கி மேலே வேட்டி விரித்ததுதான். பார்க் பிள்ளைகளின் ராஜ்யம். அண்மைக் காலமாக அதுவும் ரெடிமேட் செட்டாக விற்கிறது. அதை வாங்காதீர்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

இந்த வருஷம் திருச்சியையே கட்டிப் பாருங்கள். ஆன்லைனில் வந்த அட்டைப்பெட்டிகள் பரணில் இருக்கும். ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் 236 அடி, 13 நிலை. பத்து அடிக்கு ஓர் அங்குலம் என்று வைத்தால் கோபுரம் ஏறக்குறைய இரண்டடி வரும். மலைக்கோட்டைக் குன்று 83 மீட்டர், அதாவது 270 அடிக்கு மேல், எனவே 27 அங்குலம். பார்வைக்கு அவ்வளவு பெரிய குன்றுக்கும் மனிதர் கட்டிய கோபுரத்துக்கும் மூன்றரை அங்குலம்தான் வித்தியாசம் என்பதை ஸ்கேல் பிடித்த பிள்ளை கண்டுபிடித்துக் கத்தும். அடுத்து, இரண்டுக்கும் நடுவே எவ்வளவு இடம் விடுவது என்று கேட்கும். நிஜத்தில் சுமார் 3 கிலோமீட்டர். அதே அளவில் போட்டால் 80 அடிக்கும் மேல் நீளமான கூடம் வேண்டும். வரைபடத்தில் உயரத்துக்கு ஓர் அளவும் தூரத்துக்கு வேறோர் அளவும் ஏன் வைக்கிறார்கள் என்பது பள்ளிக்கூடத்தில் வருவதற்கு முன்பே வீட்டில் வந்துவிடும்.

கோபுரத்துக்கு 13 அட்டைப்பெட்டிகளை ஒன்றின்மேல் ஒன்று குறுகும்படி அடுக்கவேண்டும். அந்த ராஜகோபுரமே பல நூற்றாண்டு மொட்டையாக நின்று 1987இல்தான் பூர்த்தியானது. ஆகவே இந்த வருஷம் ஆறு நிலை, அடுத்த கொலுவுக்கு மீதி என்று வைத்துக்கொண்டாலும் தப்பில்லை. மலைக்குச் செய்தித்தாளைக் கசக்கி முக்காலியின்மேல் குவித்து, மைதாப் பசையில் தோய்த்த காக்கித்தாளால் மூடி, சுருக்கம் சுருக்கமாக விடுங்கள். பாறையின் மடிப்பு தானாக வரும். உச்சிப்பிள்ளையாருக்கு ஒரு தீப்பெட்டிக் கூடு. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் பழைய நீல ரவிக்கைத் துணி. முக்கொம்பில் இரண்டாகப் பிரிய வேண்டும், இல்லாவிட்டால் ஸ்ரீரங்கம் தீவாகாது. புல்வெளிக்குச் சலித்த தோட்டமண்ணைப் பழைய தாம்பாளத்தில் பரப்பி, அமாவாசைக்கு மூன்று நாள் முன்னால் கடுகோ கேழ்வரகோ தூவித் தண்ணீர் தெளியுங்கள். முதல் நாள் கொலுவுக்குப் பச்சை தலைகாட்டிவிடும். கொலு கலைத்தபின் கடுகுத் துளிரைச் செடித்தொட்டியில் கவிழ்த்துவிட்டு, பசை படாத அட்டையை எடைக்குப் போட்டு, கோபுரத்தை மட்டும் துணி சுற்றிப் பரணில் ஏற்றலாம்.

தஞ்சாவூர் பொம்மை வாங்க வேண்டாமா என்றால், வாங்குங்கள். கைவினைஞரிடம் வாங்கும் ஒரு நல்ல பொம்மை முப்பது கொலு நிற்கும். வாங்குவதே கூடாது என்பதல்ல என் பேச்சு.

கடைசியாக ஒயர் கூடை. 1970களிலும் 80களிலும் தெருவுக்குத் தெரு பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து பின்னினார்கள். சாதா முடிச்சு, நெல்லிக்காய் முடிச்சு, சிவன் கண், பிஸ்கட் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர். 2019 ஜனவரி முதல் தேதி தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்கள் 14க்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. மஞ்சப்பைக்கு ஜோடியாக மார்க்கெட்டுக்குப் போகவேண்டியது இந்தக் கூடைதான். கத்தரிக்காய் நசுங்காது, மீன் வாங்கினாலும் அலசிக் கவிழ்த்துவிடலாம், இருபது வருஷம் உழைக்கும். பின்னத் தெரிந்த பாட்டியோ பெரியம்மாவோ அநேகமாக உங்கள் குடும்பத்திலேயே இருப்பார்கள். கோடை விடுமுறையில் பிள்ளைகளை அவர்களிடம் அனுப்புங்கள். புதுக் கட்டு ஒயர் வாங்கவேண்டாம், பரணில் காதறுந்த பழைய கூடை கிடக்கும். அதன் கைப்பிடியைப் பிரித்து மறுபடி பின்னுவது முதல் வார வேலை. அடிப்பாகம் போடக் கற்றுக்கொள்வது அதற்கு அடுத்த வாரம்.